கிறிஸ்து அரசர் பெருவிழா

இயேசு கிறிஸ்துவை அனைத்துலக அரசராகப் போற்றும் கத்தோலிக்கத் திருவிழா. திருவழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறன்று, நவம்பர் 20-க்கும் 26-க்கும் இடையில் வரும். துன்பத்தை ஏற்று, அன்பினால் ஆளும் அரசரை இவ்விழா முன்னிறுத்துகிறது.

நற்செய்தி அடிப்படை

நற்செய்தி நூல்களில் இயேசுவின் அரசத்தன்மை பாடுகளின் வரலாற்றில்தான் மிகுதியாகப் பேசப்படுகிறது. கழுதைமேல் ஏறி எருசலேமுக்குள் நுழைகிறார். படைவீரர் முள்முடி சூட்டி, செந்நிற ஆடை போர்த்தி ஏளனம் செய்கின்றனர். எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் ஆகிய மும்மொழிகளில் உரோமை ஆளுநர் பிலாத்து எழுதுவித்த குற்ற அறிக்கை, அவரை யூதரின் அரசர் என்கிறது. ஏளனமாகச் சூட்டிய பட்டத்தையே திருச்சபை உண்மையென ஏற்று வணங்கியது.

வளர்ச்சி

தொடக்க நூற்றாண்டுகளின் சிலுவைச் சித்திரங்களில் கிறிஸ்து பெரும்பாலும் கண் திறந்த வெற்றியாளராக நிற்கிறார். ஏறத்தாழ 970-இல் செதுக்கப்பட்ட, ஜெர்மனியின் கொலோன் பேராலயத்துச் சிலுவையில் அவர் தலை சாய்ந்து, உயிர் நீத்தவராகக் காட்சி தருகிறார். 1670-களில் பிரான்சின் துறவி மார்கரீத் மரியா வழியாக இயேசுவின் திரு இருதய பக்தி பரவத் தொடங்கியது. முள்ளால் சூழப்பட்டு, காயமுற்று, தீச்சுடருடன் எரியும் இதயமே அதன் அடையாளம்.

கிறிஸ்துவை அரசராகப் போற்றும் மரபும் திரு இருதய பக்தியும் பின்னர் ஒன்றாயின. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1899-இல் மனிதகுலத்தைத் திரு இருதயத்துக்கு ஒப்புக்கொடுத்தார். முதல் உலகப் போருக்குப்பின் பகையும் தேசிய வெறியும் பெருகிய வேளையில், பதினொன்றாம் பயஸ் 1925 டிசம்பர் 11 அன்று ‘குவாஸ் பிரிமாஸ்’ சுற்றுமடலால் இவ்விழாவை நிறுவினார். ஒப்புக்கொடுத்தல் செபத்தை ஆண்டுதோறும் விழாவன்று புதுப்பிக்கவும் பணித்தார். அக்டோபர் கடைசி ஞாயிறன்று நடந்துவந்த விழா, 1969-இன் சீர்திருத்தத்தால் இன்றைய நாளுக்கு மாறியது.

தமிழகத்தில்

எளிமையில் விளங்கும் அரசமாண்பு தமிழுக்குப் புதிதன்று. வீரமாமுனிவரின் ‘தேம்பாவணி’ (1726) தாவீதின் அரசமரபில் பிறந்து தச்சுத்தொழில் செய்த, இயேசுவின் வளர்ப்புத் தந்தையான வளனாரைக் (யோசேப்பை) காப்பியத் தலைவராக்கியது. விழா நிறுவப்பட்ட அதே 1925-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் இயேசு சபையினர் லயோலா கல்லூரியைத் தொடங்கினர். அதன் வளாக ஆலயம் கிறிஸ்து அரசர் பெயரைத் தாங்குகிறது.

நகரின் மேற்கே பூந்தமல்லியில் 1936-இல் தொடங்கப்பட்ட குருத்துவக் கல்லூரி திரு இருதயத்தின் பெயரில் அமைந்தது. அப்போது சென்னைப் பேராயராக இருந்தவர் சலேசிய சபையின் லூயி மத்தியாஸ். குருக்களாகும் இளைஞர்கள் அங்கே மெய்யியலும் இறையியலும் கற்கின்றனர். அருகிலுள்ள அம்பத்தூர், ஆவடி ஆகியவை தொழிற்பேட்டையாலும் தொழிற்சாலைகளாலும் வளர்ந்த ஊர்கள். உழைத்து வாழும் இவ்வூர் மக்களுக்குத் தச்சராக வாழ்ந்த அரசர் அந்நியரல்லர்.

வழிபாடும் பொருளும்

தமிழகப் பங்குகள் பலவற்றில் விழாவன்று நற்கருணைப் பவனி நடைபெறும். திருப்பலியில் மூன்று நற்செய்திப் பகுதிகள் ஆண்டுக்கு ஒன்றாகச் சுழற்சி முறையில் வாசிக்கப்படுகின்றன: இறுதித் தீர்ப்பு, பிலாத்துவின் விசாரணை, சிலுவையில் மனந்திரும்பிய குற்றவாளி. முதலாவதில் அரசர் பசித்தோரிடமும் நோயுற்றோரிடமும் சிறையிலிருப்போரிடமும் தம்மை இனங்காட்டுகிறார். ஆகவே அவர்களுக்குச் செய்யும் தொண்டே இந்த அரசருக்குச் செலுத்தும் மெய்யான வணக்கம்.