நின்றபின் திரும்பும் படுக்கை நனைப்பு

குறைந்தது ஆறு மாதம் இரவில் பாயை நனைக்காமல் இருந்த பிள்ளை மறுபடியும் நனைக்கத் தொடங்குவதை மருத்துவர்கள் இரண்டாம்நிலைப் படுக்கை நனைப்பு என்பார்கள். பிறந்தது முதல் நிற்காமலே இருப்பது வேறு. ஐந்து வயதில் ஏறக்குறைய ஏழு பிள்ளைகளில் ஒன்றுக்கு அது உண்டு. பெரும்பாலும் வளர வளரத் தானாகவே நின்றுவிடும். நின்றபின் திரும்புவதை அப்படி விட்டுவிடக்கூடாது.

முதலில் பார்க்க வேண்டியது சீனி வியாதி. சிறு பிள்ளைக்கும் அது வரும் என்பதைப் பலர் நம்புவதில்லை. முதலாம் வகை நீரிழிவில் இன்சுலின் சுரப்பு அற்றுப்போகிறது. இரத்தத்தில் மிஞ்சிய சீனி சிறுநீரில் இறங்கும்போது உடலின் நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. பிள்ளைக்குத் தாகம் அடங்காது. நன்றாகச் சாப்பிட்டும் மெலியும். விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்தால் சில நொடிகளில் தெரிந்துவிடும். வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, அசதித் தூக்கம் என்பவையும் சேர்ந்தால் விடியும்வரை காத்திருக்கக்கூடாது. 1990 இலக்க அம்புலன்ஸை அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். பாய் நனைகிறதே என்று இப்படிப்பட்ட பிள்ளைக்குத் தண்ணீரை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் இதைவிடப் பரவலான காரணங்கள். கட்டிப்பட்ட மலம் சிறுநீர்ப்பையை நெருக்கி, அதன் கொள்ளளவைக் குறைத்துவிடும். கீரிப்பூச்சியும், தொண்டைச் சதை வீங்கி வரும் குறட்டையும் கவனிக்க வேண்டியவை.

பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளைத் தேயிலைத் தோட்டங்களில் வீட்டின் அமைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய லயக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. கக்கூஸ் பல இடங்களில் வெளியே. மார்கழி மழையிலும் இருட்டிலும் வெளியே போகப் பயந்து பிள்ளை அடக்கிக்கொண்டே தூங்கிவிடும். ஒரே பாயில் பலர் படுப்பதால் ஒரு பிள்ளை நனைத்தது வீடு முழுக்கத் தெரியும். வெட்கமும் அந்த அளவுக்கு.

தாய் வீட்டுவேலைக்கு மத்திய கிழக்குக்குப் போய், பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் இங்கு உண்டு. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய்மார் அப்படிப் போவதை 2013இல் இலங்கை அரசு தடுத்தது. 2022இல் அந்த வயது எல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. பகலில் சிரித்து விளையாடும் பிள்ளையின் பிரிவேக்கம் இரவில் பாயில் தெரியலாம். தம்பி தங்கை பிறப்பது, குடியும் சண்டையும், பள்ளிக்கூடத்து அடி, 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையைப் புதைத்த மண்சரிவு போன்ற பேரிடர் என எதுவும் அந்தப் பிள்ளையைப் பாதிக்கலாம். யாரோ ஒருவர் தகாத முறையில் தொட்டிருக்கவும் கூடும். அந்தச் சந்தேகம் எழுந்தால் 1929 சிறுவர் உதவி இலக்கத்துக்குச் சொல்ல வேண்டும்.

சூடு வைப்பேன் என்று மிரட்டுவதும், நனைந்த துணியை ஊர் பார்க்க இஸ்தோப்பில் தொங்கவிட்டு ஏசுவதும் கொடுமை. பிள்ளை வேண்டுமென்று செய்வதில்லை; தூக்கத்தில் அது அறியாமலே நடக்கிறது.

கொழுந்துக்குப் போகும் தாய்க்கு ஒரு நாள் பேர் (வருகைப் பதிவு) விழாவிட்டால் கூலி போய்விடும். அதனால் தோட்ட வைத்தியசாலையிலேயே சிறுநீரையும் சீனியையும் பார்த்துக்கொள்ள முடிந்தால் பெரிய உதவி. சந்தேகம் இருந்தால் பதுளை போதனா வைத்தியசாலைச் சிறுவர் பிரிவுக்கு அனுப்புவார்கள். பிள்ளைமடுவத்துப் (குழந்தைகள் காப்பகம்) பொறுப்பாளரிடமும் விஷயத்தைச் சொல்லி வைக்கலாம்; பகலில் எத்தனை முறை தண்ணீர் கேட்டது, எத்தனை முறை வெளியே போனது என்பதைத் தாயைவிட அவரே அறிவார்.