பிடரியில் நோய், தொண்டையில் கத்தி: ஏன்?



"கழுத்து நரம்பு அழுந்தியிருக்காம் சார். ஆபரேஷனைத் தொண்டைப் பக்கமாப் பண்ணுவாங்களாம்" என்று பயந்துபோய்க் கேட்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். அறுவை தேவையா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஏன் முன்பக்கம் என்பதற்கு இந்த வரலாற்று வாத்தியாரிடம் பதில் உண்டு.

கழுத்தெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கைத்தான் நாம் 'ஜவ்வு' என்கிறோம். அது பிதுங்கினால் கைக்குப் போகும் நரம்பின் வேரை நசுக்கும். இது புரியவே வெகுகாலம் ஆனது. 1928-ல் நியூயார்க்கின் பைரன் ஸ்டூக்கி இத்தகைய துண்டுகளைக் குருத்தெலும்புக் கட்டிகள் என்றே எழுதினார். அவை கட்டியல்ல, உடைந்த ஜவ்வு என்பதை 1934-ல் பாஸ்டனின் மிக்ஸ்டரும் பாரும் நிலைநாட்டினார்கள். 1943-ல் மெம்ஃபிஸ் நகரத்தின் செம்ஸும் மர்ஃபியும் நான்கு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். நால்வருக்கும் இதயநோய் போன்ற வலி. காரணமோ கழுத்தின் ஆறாவது ஜவ்வு!

அந்நாளில் அறுவையெல்லாம் பிடரி வழியாகத்தான். எலும்பில் சின்ன ஜன்னல் திறந்து நரம்புக்கு இடம் விடுவார்கள். ஜவ்வு ஓரமாகப் பிதுங்கியிருந்தால் இன்றும் அது நல்ல வழியே. நடுவில் பிதுங்கியிருந்தால்தான் சிக்கல். குறுக்கே தண்டுவடம் நிற்கும். அதை ஒதுக்கப் பார்த்தால் கை கால் விளங்காமல் போகலாம்.

1950-களில் பால்டிமோரின் ராபின்சன், ஸ்மித் இருவரும், ஹொனலூலுவின் ரால்ஃப் கிளவார்டு தனியாகவும், முன்பக்கத்திலிருந்து போனார்கள். (பேர்ல் துறைமுகத் தாக்குதலில் தலையில் அடிபட்டவர்களுக்கு அறுவை செய்தாரே, அதே கிளவார்டுதான்.) மூச்சுக்குழலையும் உணவுக்குழலையும் ஒருபுறம், பெரிய ரத்தக்குழாயை மறுபுறம் மெல்ல ஒதுக்கினால் நேரே எலும்பும் ஜவ்வும் தெரியும். பெரிய தசையை வெட்ட வேண்டியதில்லை, தண்டுவடத்தைத் தொட்டு நகர்த்த வேண்டியதுமில்லை. குரல் கம்முவதும் விழுங்கச் சிரமப்படுவதும் சில நாள் இருக்கலாம். பெரும்பாலும் தானே சரியாகும்.

ஜவ்வை எடுத்த இடத்தில் நோயாளியின் இடுப்பெலும்புத் துண்டையே வைத்தார்கள். ராபின்சன் லாடம் போல் வெட்டினார், கிளவார்டு தக்கை போல் உருண்டையாக வெட்டினார். நரம்பை உறுத்தும் எலும்பு முட்களைக் கிளவார்டு செதுக்கி எடுத்தார். எலும்பு கூடிவிட்டால் முள் தானே கரையும் என்று ராபின்சன் விட்டுவைத்தார். எனக்குக் கிளவார்டு கட்சிதான் பிடிக்கிறது, ஆனால் அந்த இடத்தில் கைநடுங்காதவர் வேண்டும்! கழுத்து வலி போயும் இடுப்பில் எலும்பு எடுத்த இடம் வலிக்கிறது என்று புலம்பியவர்கள் உண்டு. இப்போது அந்த இடத்தில் பெரும்பாலும் சின்னக் கூண்டு ஒன்றை வைத்துவிடுகிறார்கள்.