மின்னஞ்சல் தடைப்பட்டியல்

ஸ்பாம் எனப்படும் வேண்டாத மடல்களை அனுப்பும் சர்வர்களின் ஐபி முகவரிகளையும் டொமைன்களையும் தொகுத்து வைக்கும் தரவுத்தளமே மின்னஞ்சல் தடைப்பட்டியல். பட்டியல் தானாக எந்த மடலையும் தடுப்பதில்லை. அதைப் பார்த்து, மடலை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்வது பெறும் சர்வரே.

செயல்படும் முறை

பெறும் சர்வர், அனுப்பும் ஐபி முகவரியின் எண்களைத் தலைகீழாக அடுக்கி, பட்டியலின் டொமைன் பெயரை அதனுடன் சேர்த்து டிஎன்எஸ் வழியே தேடும். 192.0.2.25 என்பது 25.2.0.192 ஆகும். 127.0.0.2 போன்ற விடை வந்தால் அந்த முகவரி பட்டியலில் இருக்கிறது என்று பொருள். மறுக்கப்படும் மடல், பெரும்பாலும் 550 அல்லது 554 என்ற பிழை எண்ணுடன் அனுப்பியவருக்கே திரும்பும். எந்தப் பட்டியல் காரணம் என்பதும் பல நேரங்களில் அந்தப் பிழைச் செய்தியிலேயே இருக்கும்.

வரலாறு

பால் விக்ஸி 1997இல் தொடங்கிய ஆர்பிஎல் இவ்வகையில் முதலாவது. ஸ்டீவ் லின்ஃபோர்டு 1998இல் லண்டனில் நிறுவிய ஸ்பாம்ஹாஸ் இன்று பரவலாகப் பயன்படுகிறது. பட்டியலில் சேர்க்கப்பட்ட அமெரிக்காவின் இ360 நிறுவனம் ஸ்பாம்ஹாஸ் மீது வழக்குத் தொடர்ந்தது. ஸ்பாம்ஹாஸ் தொடர்ந்து வழக்காடாததால், 2006இல் 1.17 கோடி டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது. மேல்முறையீடுகளுக்குப் பின் 2011இல் அது 3 டாலராகச் சுருங்கியது.

கட்டணச் சேவைகள்

மடல் தடைபடாமல் இருக்க உதவும் கட்டணச் சேவைகள் இரு வகை. முதல் வகை, அனுப்புநருக்கு நற்சான்று தரும் வெள்ளைப்பட்டியல். அயர்ன்போர்ட் நிறுவனத்தின் ‘பாண்டட் சென்டர்’ திட்டத்தில் அனுப்புநர் பிணைத்தொகை கட்டினார். புகார்கள் மிகுந்தால் அதில் பிடித்தம் செய்யப்பட்டது. மடலுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிய குட்மெயில் சேவையை ஏஓஎல்லும் யாகூவும் 2006இல் ஏற்றபோது, ‘மின்னஞ்சல் வரி’ என்று எதிர்ப்பு எழுந்தது. அந்நிறுவனம் 2011இல் மூடப்பட்டது.

இரண்டாம் வகை, பணம் வாங்கிக்கொண்டு தடைப்பட்டியலிலிருந்து நீக்குவது. யூசிஇபுரொடெக்ட் பட்டியலில் ஸ்பாம் நின்று 7 நாள் ஆனால் பெயர் இலவசமாக நீங்கும். உடனடி நீக்கத்துக்குக் கட்டணம் உண்டு. அதன் மூன்றாம் நிலைப் பட்டியல், ஒரு நிறுவனத்தின் வலையமைப்பையே மொத்தமாகப் பட்டியலிடுவதால், தவறு செய்யாதவரும் சிக்குவர். நீக்கத்துக்குப் பணம் கேட்பது மிரட்டிப் பறிப்பதை நெருங்கும் செயல் என்று 2012இல் வெளியான ஆர்எஃப்சி 6471 ஆவணம் கண்டிக்கிறது.

விடுபடும் வழி

கடவுச்சொல் திருடப்பட்ட கணக்கு, தீநிரல், விலைக்கு வாங்கிய முகவரித் தொகுப்பு ஆகியவை பட்டியலேறுவதற்கான வழக்கமான காரணங்கள். முதலில் காரணத்தைச் சரிசெய்து, மடல் உண்மையான டொமைனிலிருந்தே வருகிறது என்பதைச் சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளைச் சீராக்கி, பிறகே நீக்கக் கோர வேண்டும். ஸ்பாம்ஹாஸ் இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. பக்கத்து முகவரிகளின் தவறுக்காகப் பட்டியலிடப்பட்டால், ஹோஸ்டிங் நிறுவனமே தலையிட வேண்டும். கோளாறு தீராமல் கட்டணம் கட்டினால், அடுத்த ஸ்பாம் அலையில் அதே முகவரி மறுபடி பட்டியலேறும். ஒரு பட்டியலில் பணம் கட்டி நீங்கினாலும் மற்றப் பட்டியல்களில் இருப்பது அப்படியே இருக்கும்.