கால்களை இழந்தும் வானத்தை இழக்காத விமானி

முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் இல்லாத ஒருவர் போர் விமானத்தை ஓட்ட முடியுமா? 1942ஆம் ஆண்டில் எந்த மருத்துவரிடம் கேட்டிருந்தாலும் முடியாது என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால், அடுத்த ஆண்டே சோவியத் வான்படை விமானி ஒருவர் அதைச் செய்து காட்டினார். அவர் பெயர் அலெக்ஸேய் மரேஸ்யேவ்.

மூத்த தமிழ் வாசகர்களில் சிலருக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்காது. போரிஸ் பொலெவோய் எழுதிய நாவல், 'உண்மை மனிதனின் கதை' என்ற பெயரில் தமிழிலும் வந்தது. சோவியத் நூல்கள் மலிவு விலையில் தமிழர்களின் வீடுகளுக்கு வந்த காலம் அது. அதைப் படித்தவர்களில் சிலர் அதன் நாயகனை வெறும் கற்பனைப் பாத்திரம் என்று கருதியிருக்கலாம். ஆனால், அவர் 2001ஆம் ஆண்டு வரை நம்மிடையே வாழ்ந்த மனிதர்.

வோல்கா கரைச் சிறுவன்

மரேஸ்யேவ் 1916ஆம் ஆண்டு மே 20ஆம் நாள், வோல்கா நதிக்கரையில் உள்ள கமிஷின் நகரில் பிறந்தார். மூன்று வயதில் தந்தையை இழந்தார். தாயார் மர ஆலையில் துப்புரவு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். சிறுவயதில் மலேரியா காய்ச்சல் வாட்டியதால் மரேஸ்யேவ் மெலிந்த பிள்ளையாகவே இருந்தார். பள்ளிப் படிப்புக்குப் பின் அந்த ஆலையிலேயே கடைசல் தொழில் கற்றார்.

1934ஆம் ஆண்டு, தூரக் கிழக்கில் காடு வெட்டிப் புதிய நகரம் அமைக்கும் பணிக்கு அனுப்பப்பட்டார். கொம்சொமோல்ஸ்க் என்ற அந்த நகரில் வேலை நேரம் போக எஞ்சிய பொழுதில் விமானக் கழகத்தில் சேர்ந்து பறக்கக் கற்றார். பிறகு இராணுவப் பணி, விமானப் பள்ளி. 1940ஆம் ஆண்டு பதாய்ஸ்க் விமானப் பள்ளியில் தேறி, அங்கேயே பயிற்றுநராகவும் ஆனார்.

1941 ஜூன் மாதம் ஹிட்லரின் படைகள் சோவியத் மண்ணில் நுழைந்தன. ஆகஸ்டில் மரேஸ்யேவ் போர்முனைக்குச் சென்றார். 1942ஆம் ஆண்டு மார்ச் மாத முடிவுக்குள் 4 எதிரி விமானங்களை வீழ்த்தியிருந்தார்.

பனிக்காட்டில் 18 நாட்கள்

1942 ஏப்ரல் தொடக்கத்தில், ஸ்தாராயா ருஸ்ஸா பகுதியில் நடந்த சண்டையில் அவருடைய யாக்-1 விமானம் சுடப்பட்டுக் காட்டுக்குள் விழுந்தது. உயிர் தப்பினார். ஆனால், இரு பாதங்களிலும் கடுமையான காயம். சுற்றிலும் பனி. தம் படை இருக்கும் திசை கிழக்கு என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

முதலில் நடந்தார். நடக்க முடியாமல் போனபோது தவழ்ந்தார். தவழவும் வலுவில்லாதபோது உருண்டார். மரப்பட்டையும் ஊசியிலை மரக் காய்களும் காட்டுப் பழங்களுமே உணவு. இப்படி 18 நாட்கள் கழிந்தன. பிளாவ் என்ற சிற்றூரைச் சேர்ந்த இரண்டு சிறுவர்கள் அவரைக் கண்டார்கள். ஊரார் தூக்கிச் சென்று பராமரித்தார்கள். அவர்களும் போரால் வறுமையில் வாடிய மக்கள்தாம். பின்னர் விமானம் ஒன்று வந்து அவரை மாஸ்கோவுக்கு ஏற்றிச் சென்றது.

மருத்துவமனை சேர்ந்தபோது கால்கள் அழுகத் தொடங்கியிருந்தன. உயிரைக் காக்க மருத்துவர்களுக்கு ஒரே வழிதான் இருந்தது. இரு கால்களும் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்கப்பட்டன. அப்போது அவருக்கு 26 வயதுகூட நிறைந்திருக்குமோ என்னவோ!

மீண்டும் விமானத்தில்

கால் இல்லாத விமானி என்றால் ஏன் யாரும் நம்பவில்லை? விமானத்தின் வால் பகுதியிலுள்ள சுக்கானை இயக்குவது விமானியின் பாதங்கள். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை உள்ளங்கால்தான் உணர்ந்து சொல்லும். மரேஸ்யேவுக்கு அந்த உள்ளங்காலே இல்லை. எஞ்சிய காலின் முனையில் செயற்கைக் கால் தரும் அழுத்தத்தைக் கொண்டே அனைத்தையும் உணர அவர் புதிதாகப் பழக வேண்டியிருந்தது.

அவருக்கு ஊக்கம் தந்தது ஒரு பழைய செய்தி. முதல் உலகப் போரில் ஒரு காலை இழந்த ரஷ்ய விமானி புரோகோபியேவ் செவெர்ஸ்கி மீண்டும் பறந்து போரிட்டார் என்ற செய்திதான் அது. அவருக்கு இழப்பு ஒரு கால், தமக்கோ இரண்டு. ஆனாலும் முயன்று பார்ப்பது என்று முடிவு செய்தார் மரேஸ்யேவ். மரக்கால் உரசிப் புண்ணானபோதும் பயிற்சியை நிறுத்தவில்லை. நடக்கப் பழகினார், நடனம்கூடக் கற்றார்.

1943ஆம் ஆண்டு தொடக்கத்தில் மருத்துவக் குழு அனுமதி கொடுத்தது. அதே ஆண்டு ஜூனில் 63ஆவது காவல் போர் விமானப் பிரிவில் சேர்ந்தார். அப்போது குர்ஸ்க் பெரும்போர் நெருங்கிக் கொண்டிருந்தது. ஜூலை 20ஆம் நாள் லா-5 விமானத்தில் பறந்து, இரு எதிரி விமானங்களை வீழ்த்தியதோடு, ஆபத்தில் சிக்கிய தோழர்கள் இருவரையும் காப்பாற்றினார். ஆகஸ்ட் 24ஆம் நாள் அவருக்கு 'சோவியத் யூனியனின் வீரர்' என்ற மிக உயர்ந்த விருது வழங்கப்பட்டது. போரில் அவர் வீழ்த்தியவை மொத்தம் 11 விமானங்கள். அவற்றில் 7, கால்களை இழந்த பிறகு வீழ்த்தியவை.

ஓர் எழுத்து மாறிய நாயகன்

1943 கோடையில், 'பிராவ்தா' பத்திரிகையின் போர்முனை நிருபராக இருந்த பொலெவோய் அவரைச் சந்தித்தார். கேட்டதைக் குறிப்பெடுத்துக்கொண்ட பொலெவோய், 1946ஆம் ஆண்டு நாவலாக வெளியிட்டார். மரேஸ்யேவ் என்ற பெயரை மெரேஸ்யேவ் என்று சற்றே மாற்றியிருந்தார். 1948ஆம் ஆண்டு அது திரைப்படமானது. பள்ளிப் பிள்ளைகளும் அக்கதையைப் படித்தார்கள்.

அதே கதையை இசைமேதை செர்கேய் புரோகோபியேவ் இசை நாடகமாக்கினார். 1948 டிசம்பரில் லெனின்கிராடில் அதிகாரிகளும் இசைத்துறையினரும் கேட்பதற்காக அது அரங்கேற்றப்பட்டது. அவர்கள் அதைக் கடுமையாகக் குறை கூறி ஒதுக்கிவிட்டார்கள். 1953ஆம் ஆண்டு புரோகோபியேவ் இறந்தார். பொதுமக்கள் முன் அந்நாடகம் அரங்கேறியது 1960ஆம் ஆண்டில்தான். ஒரு வீரனின் கதையை எவ்வாறு சொல்ல வேண்டும் என்பதையும் அக்காலத்தில் அரசுதான் முடிவு செய்தது.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அந்தப் போரில் கை, கால் இழந்து வீடு திரும்பிய சோவியத் வீரர்கள் இலட்சக்கணக்கானோர். அவர்கள் எல்லாருக்கும் ஒரு பொலெவோய் கிடைக்கவில்லை. மரேஸ்யேவின் கதை அவர்களுள் பலருக்குத் தைரியம் தந்திருக்கும். ஆனால், "அவரால் முடிந்தது, உன்னால் ஏன் முடியாது?" என்று கேட்பதற்கும் அதே கதையைப் பயன்படுத்தலாம். உடற்குறையுள்ள ஒருவர் மதிக்கப்பட வேண்டுமானால் வானத்தில் பறந்தே காட்ட வேண்டும் என்று சொல்வது நியாயமா? தோளில் கைபோட்டுத் தூக்கிவிடுவது வேறு. கதையைக் காட்டிக் குத்திப் பேசுவது வேறு.

மரேஸ்யேவின் பிற்கால வாழ்க்கை இக்கேள்விக்கு ஓரளவு விடை சொல்கிறது. 1946ஆம் ஆண்டு வான்படையை விட்டு விலகினார். வரலாற்றில் ஆய்வுப் பட்டம் பெற்றார். 1956ஆம் ஆண்டு முதல் சோவியத் போர் வீரர்கள் குழுவில் பொறுப்பேற்று, பல்லாண்டுகள் முன்னாள் வீரர்களுக்காக உழைத்தார். அவர் போர்முனையில் இருந்த ஆண்டுகள் சில. அந்தக் குழுவில் இருந்த ஆண்டுகளோ நாற்பதுக்கும் மேல்.

நிறைவடையாத பிறந்தநாள்

2001ஆம் ஆண்டு மே 18ஆம் நாள், மாஸ்கோவிலுள்ள ரஷ்ய இராணுவ அரங்கில் அவருடைய 85ஆவது பிறந்தநாளை முன்னிட்டு விழா ஏற்பாடாகியிருந்தது. விழா தொடங்க ஏறத்தாழ ஒரு மணி நேரமே இருக்கையில் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது; காப்பாற்ற முடியவில்லை. வாழ்த்த வந்தவர்கள் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தினார்கள்.

இன்று கமிஷின் நகரில் அவருக்குச் சிலை இருக்கிறது. விண்ணில் சுற்றும் ஒரு சிறுகோளுக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. ஆனால், காட்டில் கிடந்தவரை முதலில் கண்ட அந்த இரண்டு சிறுவர்களும், தங்கள் உணவைப் பகிர்ந்தளித்த ஊராரும் இல்லையென்றால் சிலையும் இல்லை, சிறுகோளும் இல்லை. வீரரை நினைக்கும்போது, அவரைத் தூக்கிச் சென்றவர்களையும் சேர்த்து நினைப்பதே முறையாகும்.