கேம்பர்: வளைவின் பெயர் சாய்வுக்கு வந்த வழி

வண்டிக்கு முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரம் செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அந்தக் கோணத்துக்குக் கேம்பர் என்று பெயர். மேல்முனை வெளியே சாய்ந்தால் பாசிட்டிவ், உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ். வீல் அலைன்மென்ட் கடைகளில் நாள் முழுதும் புழங்கும் இந்தச் சொல்லின் பிறவிப் பொருள் சாய்வு அல்ல, வளைவு. நேராக நிற்கும் ஒரு தட்டின் சாய்வுக்கு வளைவின் பெயர் எப்படி வந்தது? தரையோடு தாழ்த்தப்பட்ட பிக்கப் டிரக்கின் சக்கரத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வி நேராக உதவுகிறது.

இலத்தீனில் ‘காமுர்’ என்றால் வளைந்தது, உள்நோக்கி மடங்கியது. உழவைப் பாடிய ‘ஜார்ஜிக்ஸ்’ நூலில் ரோமக் கவிஞர் வர்ஜில் நல்ல பசுவின் இலக்கணம் சொல்லும் இடத்தில், அதன் உள்வளைந்த கொம்புக்கு இந்தச் சொல்லைத்தான் ஆண்டார். பிரெஞ்சுக்குப் போனபோது மகரத்துக்கும் ரகரத்துக்கும் நடுவே ஒரு பகரம் புகுந்து ‘காம்ப்ர்’ ஆயிற்று. எண்ணைக் குறிக்கும் இலத்தீன் ‘நுமெருஸ்’, ‘நோம்ப்ர்’ ஆனதும் இதே வழியில்தான். வட பிரான்சின் வழக்கு முதலெழுத்தின் ககரத்தைக் காத்தது. அந்த உருவமே ஆங்கிலத்துக்குச் சென்றது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கப்பல் தச்சரின் சொல். தளத்தின் நடுவை உயர்த்தி இரு ஓரங்களையும் தாழ்த்தினால் அலைநீர் தேங்காமல் வடியும். அந்த வளைவுதான் கேம்பர்.

கேம்பரைப் போலவே ஒலிக்கும் இன்னொரு சொல்லும் உண்டு. இலங்கை மலையகத்தில் லயம் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பின் அறையைக் ‘காம்பரா’ என்கிறார்கள். சிங்களத்தில் அறை ‘காமரய’. இரண்டுக்கும் பின்னால் போர்த்துக்கீசியரின் ‘காமரா’ இருக்கிறது. அதற்கும் பின்னால், வளைந்த கூரையைக் குறித்த இலத்தீன் ‘காமெரா’. அதற்கும் மூலம் கிரேக்கம். கேம்பரும் காம்பராவும் காதுக்கு உடன்பிறப்புகளாகவே ஒலிக்கின்றன; பொருளிலும் வளைவு பொது. இரண்டையும் ஒரே ஆதிவேரில் சேர்க்கும் அறிஞர்கள் உண்டு. ஆனால் அந்த உறவு ஐயத்துக்கு அப்பால் நிறுவப்பட்டதன்று. ஒன்று கப்பல் தளத்தின் வழியாகவும் மற்றொன்று கூரையின் வழியாகவும் வந்தன என்பது மட்டும் தெளிவு. ஒலி ஒத்துப்போவதைக் கண்டு உறவு முடித்துவிடாமல், சொல் வந்த பாதையைத் தேடுவதே சொல்லாராய்ச்சி.

கப்பலில் நீரை வடித்த அதே வளைவு சாலையிலும் தேவைப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் லவுடன் மெக்ஆடம், 30 அடி அகலச் சாலைக்கு நடுவில் 3 அங்குல ஏற்றம் போதும் என்றார். கணக்கிட்டால் ஓரத்தை நோக்கிய சரிவு ஏறத்தாழ 1 பாகை. இப்படி முதுகு உயர்ந்த சாலையின் நடுவே ஒரு வண்டி போகிறது என்று வையுங்கள். இரு பக்கச் சக்கரங்களும் தத்தம் தரைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டுமானால் மேல்முனைகள் சற்று வெளியே விரியவேண்டும். தொடக்க கால மோட்டார் வண்டிகளின் முன்சக்கரங்கள் அப்படித்தான் நின்றன. ஸ்டியரிங் இலகுவாகத் திரும்பவும் அந்தச் சாய்வு உதவியது. சாலையின் வளைவுக்கு ஈடுகொடுத்த சாய்வு, சாலை வளைவின் பெயரையே பெற்றுக்கொண்டது என்று கொள்வது பொருத்தமாகப் படுகிறது.

கண்ணுக்குச் சாய்வாகத் தெரிவதற்குள் வளைவு ஒளிந்திருக்கிறது என்பதற்குத் தாழ்த்திய டிரக்கே சான்று. ஃபோர்டு நிறுவனம் 1965ஆம் ஆண்டு மாடல் எஃப்-100 பிக்கப்பில் ‘ட்வின் ஐ-பீம்’ முன் சஸ்பென்ஷனைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு நீண்ட பீம். அதன் மறுமுனை வண்டியின் எதிர்ப்பக்கம் கீல் போல் பிணைந்திருக்கும். கதவு கீலைச் சுற்றி வருவதுபோல் சக்கரம் ஒரு வட்டத்தின் வில்லில் ஏறி இறங்கும். ஸ்பிரிங்கைக் குட்டையாக்கி உடலைத் தாழ்த்தினால் கீல் இறங்கும், சக்கரத்தின் மேல்முனை உள்ளே சாயும். 26 அங்குல உயர டயர் 3 பாகை சாய்ந்தால், மேல்முனை அடிமுனையைவிட ஏறத்தாழ 1.4 அங்குலம் உள்ளே போய்விடும். பாரம் டயரின் உள்விளிம்பில் குவிந்து, அங்கே மட்டும் ரப்பர் தேயும். கூடவே டோவும், அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணமும், மாறுவதால் தேய்மானம் இன்னும் விரைகிறது.

ஷெவர்லே போன்ற டிரக்குகளில் மேலும் கீழும் இரண்டு கண்ட்ரோல் ஆர்ம்கள். மேலது குட்டை, கீழது நீளம். ஆகவே இரண்டும் வெவ்வேறு வில்களை வரைகின்றன. இங்கேயும் வண்டி தாழத் தாழச் சக்கரம் உள்ளே சாயும். பழைய டிரக்குகளில் சாய்வைத் திருத்த மேல் ஆர்மின் பிடிமானத்தில் ஷிம் தகடுகளைக் கூட்டுவார்கள் அல்லது குறைப்பார்கள். ஆர்ம்களின் கோணம் மாறாமலே வண்டியைத் தாழ்த்த, சக்கர அச்சை உயர்த்தி வைத்த டிராப் ஸ்பிண்டில் பொருத்துவார்கள்.

ஏர் சஸ்பென்ஷன் வந்ததும் கேள்வியே மாறிவிடுகிறது. ஸ்பிரிங் இருந்த இடத்தில் காற்றுப்பை. காற்றை ஏற்றினால் வண்டி எழும், இறக்கினால் சட்டம் தரையைத் தொடும். உயரம் மாறுந்தோறும் கேம்பரும் மாறும். அப்படியானால் எந்த உயரத்தில் சக்கரத்தை நிமிர்த்துவது? ஓட்டும் உயரத்தில்தான். அந்த உயரத்தை முதலில் முடிவுசெய்து, பையின் அழுத்தத்தைக் குறித்துவைத்து, அந்த நிலையிலேயே அலைன்மென்ட் செய்யவேண்டும். நிறுத்திவைக்கும்போது சக்கரம் எவ்வளவு சாய்ந்தாலும் டயர் தேயாது. பாதி இறங்கிய நிலையில் நெடுஞ்சாலையில் ஓட்டினால்தான் கேடு.

ட்வின் ஐ-பீம் வந்த காலத்தில் அதன் கேம்பரைச் சரிசெய்யத் தனித் திருகு இல்லை. அலைன்மென்ட் பட்டறைக்காரர்கள் பீமைப் பிடிகருவியில் பூட்டி, ஹைட்ராலிக் ஜாக்கியால் அழுத்திச் சூடாக்காமலே வளைத்தார்கள். சாய்வைத் தீர்க்க இரும்பை வளைத்த அந்தக் கைகள் ‘காமுர்’ என்ற சொல்லின் முதற்பொருளையே செய்துகொண்டிருந்தன. கேம்பரை மீட்டர் காட்டும் ஒற்றை எண்ணாக மட்டும் பார்ப்பவர் டயரை மாற்றிக்கொண்டே இருப்பார். அது ஒரு வில்லின் மேல் உள்ள புள்ளி என்று அறிந்தவர், எந்தப் புள்ளியில் ஓட்டுவது என்பதை முதலில் தீர்மானித்துவிட்டுப் பிறகுதான் ஸ்பானரைக் கையில் எடுப்பார்.