பனமலை ஏரியும் கட்டுமான மண்ணும்

விழுப்புரம் மாவட்டத்துப் பனமலைக்குச் செல்வோர் பெரும்பாலும் தாளகிரீசுவரர் கோயிலைக் காணவே செல்கின்றனர். கி.பி. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கற்றளி அது. குடை நிழலில் நிற்கும் உமையின் ஓவியம் அங்கு எஞ்சியிருப்பதைக் கலை ஆர்வலர் அறிவர். மலையடியில் விரிந்து கிடக்கும் ஏரியைப் பற்றி நாம் அந்த அளவுக்குப் பேசுவதில்லை. ஏரிக்கு நீர் வந்த கதையோடு, அந்நீருடன் மண் வந்த கதையும் சேர்ந்ததே அதன் வரலாறு.

திருவண்ணாமலை அருகே கீரனூரில் துரிஞ்சலாற்றிலிருந்து பிரியும் நந்தன் கால்வாய், வழியிலுள்ள பல ஏரிகளுக்கு நீர் கொடுத்துப் பனமலை ஏரியில் முடிகிறது. இக்கால்வாயைப் பல்லவன் நந்திவர்மனோடு இணைத்துச் சொல்லும் வழக்கும் உண்டு. வாட்டம் குறைந்த நெடிய கால்வாயில் ஓரிடத்தில் மண் மேடிட்டாலும் முதலில் காய்வது கடைமடைதான். பனமலையின் இடம் அத்தகையது.

இதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியத்துக்கு அறுவரைக் குடவோலை முறையில் தேர்ந்த செய்தியைத் தருகின்றன. அவர்களது பொறுப்பு 360 நாள். ஓடங்களைக் கொண்டு ஏரியில் மண் அள்ளிக் கரையில் இடுவதற்கு நெல்லும் பொன்னும் ஒதுக்கியதைப் பிற கல்வெட்டுகள் சொல்கின்றன. ஏரிப் பராமரிப்புக்கென விடப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. தூர் வாருதல் வெறும் அறச்செயலாக விடப்படவில்லை; அதற்கு ஆளும் வருவாயும் காலவரையறையும் இருந்தன.

இன்னொரு காரணமும் இருந்தது. காட்டிலிருந்தும் வயலிலிருந்தும் வந்த வண்டலில் மக்கிய தழையும் சாணச் சத்தும் கலந்திருந்தன. கோடையில் ஏரி வற்றியதும் உழவர் வண்டி கட்டிக்கொண்டு வந்து அதை அள்ளினர். ஏரி ஆழமாயிற்று, வயல் வளமாயிற்று. மேட்டிலிருந்து இறங்கிய மண் இவ்வாறு மீண்டும் நிலத்துக்கே திரும்பியது. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தக் குடிமராமத்து நலிந்தபோது, 1858ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே உழைப்பைக் கட்டாயமாக்க அரசு முயன்றது. ஊரார் தமதெனக் கருதிச் செய்த பணியைச் சட்டத்தால் மீட்க இயலவில்லை.

இன்று ஏரிக்கு வரும் மண் வேறு. சாலைக்காகவும் மனைப்பிரிவுக்காகவும் ஆலைக்காகவும் மேல்மண்ணை வழித்தெடுத்து, அடிமண்ணைத் திறந்து போடுகிறோம். வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழை அதைக் கரைத்து ஓடைக்குள் இறக்குகிறது. நீர் வேகம் குறையும் இடத்தில் மணல் முதலில் படிகிறது. நுண்களி மதகு வரை சென்று தங்குகிறது. சத்தற்ற இந்த அடிமண்ணில் சிமெண்டும் இடிபாடும் கலந்திருக்கும். எந்த உழவரும் இதற்கு வண்டி கட்டமாட்டார். பழைய சுழற்சி அறுபட்டது இங்கேதான்.

கட்டுமான இடத்து மண்ணரிப்பு எவ்வளவு பெரிது என்பதை அமெரிக்காவின் மேரிலாந்தில் வோல்மன், ஷிக் என்ற இரு அறிஞர் 1967இல் காட்டினர். வேளாண் நிலத்தினின்றும் வரும் மண்ணைவிட அது பன்மடங்காக இருந்தது. அந்நாட்டு விதிகள் 1990இல் ஐந்து ஏக்கருக்கும், 2003 முதல் ஒரு ஏக்கருக்கும் மேற்பட்ட கட்டுமான இடங்களை மழைநீர் அனுமதிக்குள் கொண்டுவந்தன. இந்தியாவில் 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கை 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களையே முன் அனுமதிக்கு உட்படுத்தியது. நம் ஊர்ப்புறத்து மனைப்பிரிவுகளும் சிறு கட்டடங்களும் பெரும்பாலும் அந்த வலைக்கு வெளியே நிற்கின்றன.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. அத்தகைய மழையை எந்தத் தடுப்பும் முழுமையாகத் தாங்காது. ஆயினும் ஆண்டுதோறும் பெய்யும் சாதாரண மழைக்குச் செய்யத்தக்கவை எளியவை. நிலத்தை ஒரேயடியாகத் திறக்காமல் பகுதி பகுதியாகத் திறக்கலாம். தாழ்ந்த முனையில் நீரைச் சற்றே நிறுத்தி மண் படியவைக்கும் குழி வெட்டலாம். சரிவில் தென்னைநார் விரிப்பு இடலாம். வெட்டிவேர் வரிசை நடலாம். லாரி வெளியேறும் வழியில் சரளை பரப்பினால் சக்கரத்துச் சேறு சாலைக்கு வாராது. வழித்த மேல்மண்ணைத் தனியே குவித்துவைத்துப் பணி முடிந்ததும் பரப்பலாம்.

இவற்றுக்கான செலவை ஒப்பந்தத்திலேயே தனி இனமாகக் காட்டி, மழைக்கு முன்னும் பின்னும் பார்வையிட ஒருவரைப் பெயர் சுட்டி நியமிக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. ஏரிக்குள் சேர்ந்தபின் வாரும் செலவு பொதுப்பணத்திலிருந்து போகிறது. மண்ணைத் திறந்துவிட்டவர் கணக்கில் அது ஏறுவதே இல்லை. ஏரி வாரியம் கற்றுத்தருவது பொறுப்பை ஆளோடும் பணத்தோடும் நாளோடும் பிணைக்கும் முறையையே. அதனை ஏரிக்கரையிலிருந்து கட்டுமான இடத்தின் வாயிலுக்கு நாம் நகர்த்தியாக வேண்டும்.