பத்து விழுக்காடு சொல்வது என்ன? மனவரைபட ஆய்வொன்றின் மறுவாசிப்பு

மனவரைபடத்தை ஆதரித்து எழுதுவோரிடம் ஓர் எண் கைமாறிக்கொண்டே இருக்கிறது. நடுவில் தலைப்பும் சுற்றிலும் கிளைகளுமாக மனவரைபடம் வரைந்து படித்தவர்களுக்கு நினைவில் நின்ற செய்திகள் 10 விழுக்காடு கூடின என்பதே அது. 2002இல் ‘மெடிக்கல் எஜுகேஷன்’ இதழில் ஃபராண்ட், ஹுசைன், ஹென்னஸி ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வே இதற்கு மூலம். இந்த எண்ணை எடுத்தாள்பவர்களில் பலர் ஆய்வுச் சுருக்கத்தைத் தாண்டியதாகத் தெரியவில்லை. சுருக்கத்தையாவது கடைசி வரி வரை படித்திருக்கலாம்.

லண்டன் மருத்துவக் கல்லூரியொன்றில் இரண்டாம், மூன்றாம் ஆண்டு பயின்ற 50 மாணவர்கள் இதில் பங்கேற்றனர். 600 சொற்கள் கொண்ட உரைப்பகுதி ஒன்றைப் படிக்கச் செய்து முதலில் ஒரு தேர்வு வைத்தார்கள். பிறகு மாணவர்கள் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு தனக்குப் பழகிய வழியிலேயே அதே பகுதியை மீண்டும் படித்தது. மற்றதற்கு மனவரைபடப் பயிற்சி தந்து, அம்முறையை அப்பகுதிக்குப் பயன்படுத்தச் சொன்னார்கள். உடனே வைத்த தேர்வில் இரு குழுக்களுமே முன்னேறியிருந்தன. ஒரு வாரம் கழித்தும் அந்த முன்னேற்றம் உறுதியாக நின்றது மனவரைபடக் குழுவில் மட்டுமே. இரண்டுக்கும் இடையிலிருந்த வேறுபாடுதான் அந்த 10 விழுக்காடு.

அதன் 95% நம்பிக்கை இடைவெளி −1 முதல் 22 வரை நீள்கிறது. பூச்சியம், அதாவது வேறுபாடே இல்லாத நிலை, அதற்குள்ளேயே இருக்கிறது. பயன் இல்லை என்று இதனால் முடிவு கட்ட முடியாது. 50 பேரை வைத்து நடத்திய ஆய்வில் இடைவெளி அகலமாகத்தான் இருக்கும். ஆனால், நிரூபணமான உண்மையாக இதை ஆசிரியர் பயிற்சி வகுப்பில் முன்வைப்பதற்கு இந்த எண் இடம் தரவில்லை.

என் கருத்து வேறுபாடு இன்னொரு எண்ணோடு. மனவரைபடக் குழுவினருக்குத் தாம் பயன்படுத்திய முறையின்மேல் ஈடுபாடு குறைவாக இருந்தது. இரு குழுக்களுக்கும் ஈடுபாடு சமமாக இருந்திருந்தால் வேறுபாடு 15 விழுக்காடாக (3 முதல் 27 வரை) இருந்திருக்கும் என்கிறது ஆய்வு. இப்போது பூச்சியம் இடைவெளிக்கு வெளியே போய்விட்டது, ஆதரவாளர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் அந்த ஈடுபாட்டுக் குறைவு எங்கிருந்து வந்தது? குலுக்கலில் பிரிந்தவர்கள் என்பதால், அந்த முறையே அதை உண்டாக்கியிருக்கும் என்பதுதான் இயல்பான ஊகம். அதைக் கணக்கிலிருந்து கழிப்பது, கசப்பை நீக்கிவிட்டுக் கஷாயத்தின் குணத்தை அளப்பதற்கு ஒப்பாகும். வகுப்பறையில் குடிக்க வேண்டியது கசப்போடுகூடிய கஷாயத்தைத்தான்.

வேறொரு சிக்கலும் உண்டு. மனவரைபடக் குழுவுக்குப் புதுப் பயிற்சி கிடைத்தது, மற்றதற்குக் கிடைக்கவில்லை. வேறுபாட்டில் வரைபடத்தின் பங்கு எவ்வளவு, பயிற்சி பெற்றதன் பங்கு எவ்வளவு என்று இந்த அமைப்பில் பிரித்தறிய இயலாது.

ஆனாலும் ஒரு வாரம் கழித்தும் முன்னேற்றம் நிலைத்து நின்றதே, அதை அலட்சியப்படுத்த மனம் வரவில்லை. மனவரைபட முறையைப் பரப்பிய டோனி பூசன் வலியுறுத்திய வண்ணங்களும் வளைந்த கிளைகளும் அதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. 600 சொற்களிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது, எதை எதன் கீழ் வைப்பது என்று மாணவர் ஓயாமல் முடிவெடுக்க நேர்ந்ததே காரணமாக இருக்கலாம். கார்பிக், பிளன்ட் இருவரும் 2011இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இந்த ஊகத்துக்கு ஒரு வரம்பு கட்டுகிறது. பாடத்தைப் பார்த்துக்கொண்டே, கருத்துகளை உறவுச்சொற்களோடு கோடுகளால் இணைக்கும் கருத்து வரைபடம் வரைந்தவர்களைவிட, பாடத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதியவர்களே ஒரு வாரத்துக்குப் பின் சிறந்து நின்றார்கள். இறுதித் தேர்வாக வரைபடம் வரையச் சொன்னபோதும் அப்படித்தான். 2014இல் அதே இருவர் பாடத்தை மூடிவைத்து வரைபடம் வரையச் செய்தார்கள். நினைவிலிருந்து பத்தியாக எழுதுவதற்கு அது சற்றும் குறையவில்லை. கருத்து வரைபடம் வேறு, மனவரைபடம் வேறு என்ற ஆட்சேபம் வரும். வேறுதான், ஆனால் புத்தகம் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்ற கேள்வி இரண்டுக்கும் பொது.

மனவரைபடத்தால் படைப்புச் சிந்தனை வளர்கிறது என்பதற்கும் 2002 ஆய்வைத் துணைக்கழைப்பவர்கள் உண்டு. அதில் அளக்கப்பட்டது செய்திகளை நினைவுகூர்தல் மட்டுமே. அதற்குமேல் இந்த வாதத்தில் நிற்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டின் நடுநிலை வகுப்புகளில் ‘படைப்பாற்றல் கல்வி’ என்ற கற்பித்தல் முறை வழியாக ‘படித்தல்’ என்ற படிநிலைக்கு அடுத்ததாக ‘மனவரைபடம்’ நிலைபெற்றது. ஒளிச்சேர்க்கைப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். நடுவில் தலைப்பு, சுற்றிலும் ஒளி, நீர், பச்சையம், கார்பன் டை ஆக்சைடு, ஆக்சிஜன் என ஐந்து கிளைகள். ஆக்சிஜன் உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா? கோடு சொல்லாது. கிளைக்கு ஒரே சொல் என்பது ஆங்கிலத்தில் பிறந்த மனவரைபட விதி. அம்மொழியில் உறவைச் சொல்லத் தனிச்சொல் வேண்டும். தமிழில் அதை வேற்றுமை உருபே சுமக்கும். ‘ஒளியால்’, ‘நீரிலிருந்து’, ‘பச்சையத்தில்’ என்று எழுதினால் விதியும் மீறப்படாது, உறவும் தொலையாது. உருபை உதிர்த்துவிட்டுப் பெயரை மட்டும் எழுதப் பழக்கியது, எனக்குப் பட்டவரை, யோசியாமல் செய்த இறக்குமதி.

பாடநூல் மடியில் விரிந்துகிடக்க, தடித்த எழுத்திலுள்ள சொற்களைப் பார்த்து வட்டங்களுக்குள் பெயர்த்தெழுதும் பிள்ளை செய்வது படியெடுப்பு. ஆசிரியர் கையேடு எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள்: படித்தலுக்கும் மனவரைபடத்துக்கும் நடுவே, ‘இப்போது புத்தகத்தை மூடுக’ என்ற ஒரு வரியைச் சேருங்கள்.